வெடித்த விண்மீனின் பூர்வீகம்: ஆய்வுக்கு எந்த எச்சத்தை எடுப்பது?

“சார், இதுல நட்சத்திரம் எங்க இருக்கு?”

எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகச் சூப்பர்நோவா எச்சம் (விண்மீன் வெடித்துச் சிதறியபின் மிஞ்சும் வாயு) ஒன்றை எடுத்து மூன்று மாதம் உழைத்திருந்த மாணவி, ஒருநாள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டார். திரையில் அந்த எச்சமான காசியோப்பியா ஏ-யின் எக்ஸ் கதிர் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபடம்; ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் ஒரு முனையாக நிற்கும். இடப்பக்கத்திலிருந்து மக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம் என்று வரிசையாகக் கூர்முனைகள், வலக்கோடியில் 6.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் இரும்பின் மேடு. பார்க்க அழகுதான். ஆனால் அவருடைய தலைப்பு, எச்சத்தின் வேதிக்கூறிலிருந்து மூல விண்மீனை அறிவது. திரையில் இருந்த முனைகளில் பெரும்பாலானவை வெடித்த அந்தச் சில நொடிகளில் உருவான பொருளிலிருந்து வருபவை. அதற்கு முன் அந்த விண்மீன் வாழ்ந்த காலத்தைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை. பிசகு மாணவி மேல் இல்லை. பளிச்சென்று இருக்கிறது, தரவும் நிறைய இருக்கிறது என்று அந்த எச்சத்தைக் கைகாட்டியவன் நான்தான்.

அதே முடிவை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு மடிக்கணினி, ஆறு மாத அவகாசம், இலவசமாகக் கிடைக்கும் காப்பகத் தரவு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தொடங்கத் தோதான எச்சங்கள் என்று பெரும்பாலும் நான்கைச் சொல்வார்கள்: காசியோப்பியா ஏ, நண்டு நெபுலா, எஸ்.என். 1987ஏ, டைக்கோ. நான்கும் புகழ்பெற்றவை. நான்கைப் பற்றியும் படிக்க மலையளவு கட்டுரைகள் உண்டு. “மூல விண்மீன் எதனால் ஆனது?” என்ற கேள்விக்கு மட்டும் நான்கும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சொத்து வழக்கில் பூர்வீகம் எது, சுயசம்பாத்தியம் எது என்று பிரிப்பார்களே, இங்கேயும் அதுதான் முதல் வேலை. ஒரு எச்சத்தின் வாயுவில் நான்கு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. விண்மீன் எந்த வாயு மேகத்திலிருந்து பிறந்ததோ அந்த மேகத்தின் கலவை ஒன்று; அது பூர்வீகம். உயிரோடு இருந்தபோது அணுக்கரு இணைவில் சமைத்தது இரண்டாவது. வெடிப்பின் சூட்டில் புதிதாக உண்டானது மூன்றாவது. வெடித்த பிறகு அதிர்வலை போகிற வழியில் வாரிக்கொண்ட விண்வெளி வாயு நான்காவது. அதற்கும் விண்மீனுக்கும் ஒட்டுறவே கிடையாது.

பழைய எச்சங்களில் நான்காவது கணக்கு மற்ற மூன்றையும் மூழ்கடித்துவிடும். சுமார் 11,000 ஆண்டு வயதுள்ள வேலா எச்சம் வானத்தில் எட்டு பாகை அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அழகான படங்கள் எடுக்கலாம். மூல விண்மீனின் கலவையைத் தேடப் போகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மீதி மூன்றையும் பிரிக்க நான் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். ஹீலியம் கரு இரண்டு புரோட்டான் கொண்ட செங்கல். அதை மேலே மேலே அடுக்கினால் கார்பன் 6, ஆக்சிஜன் 8, நியான் 10, மக்னீசியம் 12, சிலிக்கான் 14, கந்தகம் 16 என்று இரட்டைப்படையாகவே வரும். நிறமாலையில் பெரிய முனையாக நிற்பவை எல்லாம் இந்தக் குடும்பம்தான். நைட்ரஜன் 7, பாஸ்பரஸ் 15, குளோரின் 17, பொட்டாசியம் 19, மாங்கனீசு 25 போன்ற ஒற்றைப்படைத் தனிமங்கள் அவ்வளவு லேசில் உருவாகாது. உபரியாக நியூட்ரான் வேண்டும், அல்லது விண்மீனுக்குள் ஏதாவது தனிச் சூழ்நிலை அமைந்திருக்க வேண்டும். அந்தச் சூழ்நிலை வெடிப்புக்கு முந்தையது. அதனால் இரட்டைப்படையில் வெடிப்பைப் படிக்கலாம், ஒற்றைப்படையில் விண்மீனைப் படிக்கலாம். இதை விதி என்று யாரும் பரீட்சையில் எழுதிவிட வேண்டாம். ஆக்சிஜனும் மக்னீசியமும் இரட்டைப்படைதான், ஆனாலும் பெருவிண்மீன்களில் அவை பெரும்பாலும் உயிரோடு இருந்தபோதே சமைத்தவை. எந்த எச்சத்தை எடுப்பது என்று முடிவுசெய்ய மட்டும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

காசியோப்பியா ஏ

தொலைவு சுமார் 11,000 ஒளியாண்டு. வெடித்த ஒளி 1670களிலோ 1680ஐ ஒட்டியோ பூமிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1999 ஆகஸ்டில் சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் வெளியிட்ட முதல் படமே இதுதான். நட்டநடுவில் ஒரு புள்ளியாக, நொறுங்கிய உள்ளகத்தின் மிச்சமான நியூட்ரான் விண்மீன் அதில் தெரிந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2024 ஜனவரியில், இஸ்ரோவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில் உள்ள எக்ஸ்ஸ்பெக்ட் கருவியும் தன் முதல் பார்வையை இதன் மேல்தான் வைத்தது. மக்னீசியம் முதல் இரும்பு வரை தெரிந்த வரிகள் தெரிந்த இடத்தில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டால் கருவி ஒழுங்காக இருக்கிறது என்று நம்பலாம். தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது போல.

இதன் தனிமச் சரக்கின் அளவு மலைக்கவைக்கும். நாசா 2017இல் வெளியிட்ட கணக்குப்படி கந்தகம் மட்டும் 10,000 பூமிகளின் எடை, சிலிக்கான் 20,000, இரும்பு 70,000, ஆக்சிஜன் 10 லட்சம் பூமிகள். அந்த ஆக்சிஜன் நம் சூரியனைப் போல மூன்று மடங்கு எடை. ஆக்சிஜன் இவ்வளவு இருக்கிறது என்றால் வெடித்தது பெருவிண்மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வெடிப்பைப் படிக்க இதைவிட நல்ல எச்சம் கிடையாது. வெங்காயத்தை உரிப்பது போல வெளியே சிலிக்கான், உள்ளே இரும்பு என்று இருக்கும் எனப் பாடப்புத்தகம் சொல்லும். இங்கே தென்கிழக்குப் பக்கத்தில் இரும்பு சிலிக்கானைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறது. உள்ளே இருந்தது வெளியே கவிழ்ந்திருக்கிறது. 2014இல் நுஸ்டார் தொலைநோக்கி டைட்டானியம்-44 எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டது. அந்தக் கதிரியக்க ஐசோடோப்பின் அரையாயுள் சுமார் 60 ஆண்டு, அதனால் 340 ஆண்டுக்குப் பின்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கட்டிகட்டியாக, ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. வெடிப்பு உருண்டையாக நடக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம்.

பூர்வீகத்துக்கு வந்தால்தான் சிக்கல். வெடிப்பின் ஒளி தூசி மேகங்களில் பட்டுத் திரும்பி, நேராக வந்த ஒளியைவிட 300 ஆண்டு தாமதமாக வந்துகொண்டிருந்தது. 2008இல் அந்த எதிரொளியைப் பிடித்து நிறமாலை எடுத்தார்கள். 2பி வகை வெடிப்பு, 1993இல் வேறொரு விண்மீன் மண்டலத்தில் வெடித்த எஸ்.என். 1993ஜே-யின் சாயல். அப்படியென்றால் வெடிக்கும்போது விண்மீன் மேல் ஹைட்ரஜன் மெல்லிய படலமாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்தபோது 15 முதல் 20 சூரிய நிறை. சாகும்போது 4 முதல் 6 என்று மதிப்பிடுகிறார்கள். மேலுறைதான் பிறந்த மேகத்தின் கலவையை ஓரளவு அப்படியே வைத்திருக்கும் பகுதி. அதை உயிரோடு இருக்கும்போதே ஊதித் தள்ளிவிட்டது இந்த விண்மீன். பூர்வீகத்தை விற்றுத் தின்றுவிட்டு சுயசம்பாத்தியத்தை மட்டும் விட்டுப்போன ஆசாமியின் பத்திரங்களைத்தான் நீங்கள் புரட்டப்போகிறீர்கள். சுற்றுப்புறத்தில் மெல்ல நகரும் நைட்ரஜன் மிகுந்த சிறு முடிச்சுகள் சில உண்டு. அவை அந்தப் பழைய மேலுறையின் மிச்சம். அவற்றைப் படிக்கக் கண்ணுறு ஒளித் தொலைநோக்கி வேண்டும், எக்ஸ் கதிர்க் காப்பகம் உதவாது.

இன்னொரு தொல்லை. உயிரோடு சமைத்ததைச் சொல்லும் ஆக்சிஜனின் எக்ஸ் கதிர் வரி 0.65 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. நமக்கும் காசியோப்பியா ஏ-க்கும் நடுவில் உள்ள வாயுவும் தூசியும் அந்த ஆற்றலில் வரும் கதிரைப் பெரும்பகுதி விழுங்கிவிடுகின்றன. 10 லட்சம் பூமி எடைக்கு இருக்கும் பொருள் நிறமாலையில் கிட்டத்தட்ட ஆளைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்!

ஒற்றைப்படைக் கணக்கில் இதற்கும் சில மதிப்பெண் உண்டு. 2013இல் அண்மை அகச்சிவப்பில் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தார்கள். இரும்போடு ஒப்பிட்டால் நம் பால்வெளியின் சராசரியைப் போல 100 மடங்கு வரை. நியான் எரிந்த அடுக்கில் விண்மீன் தானே சமைத்தது அது. ஜப்பானின் கிரிஸம் செயற்கைக்கோள் 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட பின், அதன் ரிசால்வ் கருவி குளோரினையும் பொட்டாசியத்தையும் பிரித்துக் காட்டியது. பழைய சிசிடி (கேமராச் சில்லு) கருவிகளின் பிரிதிறன் 130 எலெக்ட்ரான் வோல்ட் அளவில், ரிசால்வுக்கு 5; எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும். ஆர்கான் முனையின் மடியில் ஒளிந்திருந்த பொட்டாசியம் அப்படித்தான் வெளியே வந்தது. அவ்வளவு உண்டாக வேண்டுமானால், சாவதற்குச் சற்று முன் விண்மீனின் உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து கலங்கியிருக்க வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆக, விண்மீனின் கடைசிக் காலம் பற்றிய கேள்வி என்றால் காசியோப்பியா ஏ-யை எடுக்கலாம். ரிசால்வ் தரவைக் கையாள ஆறு மாதம் போதுமா என்றால், முதல்முறை செய்பவருக்குப் போதாது என்பது என் எண்ணம்.

இதை எடுத்தால் ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் நானே எச்சம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு, ஒரே வெப்பநிலை மாதிரியைப் பொருத்திப் பார்த்தவன். மாதிரியும் தரவும் எங்குமே ஒட்டவில்லை. ஒரு முடிச்சுக்கும் பத்து விநாடி தள்ளி உள்ள அடுத்த முடிச்சுக்கும் கலவையே வேறு. (வில்விநாடியைச் சொல்கிறேன், பாகையில் 3,600இல் ஒரு பங்கு.) சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அங்கேயே இரண்டு மாதம் ஓடிவிடும்.

நண்டு நெபுலா

பேரைக் கேட்டாலே மாணவர்களுக்கு ஆசை வரும். 1054 ஜூலை 4இல் சீனர்கள் “விருந்தாளி விண்மீன்” என்று குறித்துவைத்தது, பகலிலேயே 23 நாள் தெரிந்தது, இன்றும் சிறு தொலைநோக்கியில் மங்கலாகத் தெரிவது. எக்ஸ் கதிர்க்காரர்களுக்கு அது ஒரு அளவை அலகே. ஒரு மூலம் இத்தனை மில்லிகிராப் (நண்டின் ஆங்கிலப் பெயரான ‘கிராப்’பில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிரகாசம் என்றுதான் சொல்வார்கள்.

வேதிக்கூறு ஆய்வுக்கு மட்டும் எடுக்காதீர்கள். நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனான பல்சார், சுற்றியுள்ள எலெக்ட்ரான்களை ஒளிவேகத்தை ஒட்டி விரட்டிக்கொண்டிருக்கிறது. எக்ஸ் கதிரில் வருவது அந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்தோடும்போது உமிழும் சிங்க்ரோட்ரான் ஒளி. வழவழப்பான சரிவு, தனிம வரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சரக்கு எல்லாம் கண்ணுறு ஒளியிலும் அகச்சிவப்பிலும் தெரியும் இழைகளில் இருக்கிறது, அதிலும் ஹீலியம் கொழிக்கிறது. 2013இல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் ஆர்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு அயனி ஒன்று இங்கே அகப்பட்டது. விண்வெளியில் மந்த வாயு மூலக்கூறு தட்டுப்பட்டது அதுவே முதல்முறை. மூல விண்மீன் 8 முதல் 10 சூரிய நிறை இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் வெடித்தது வழக்கமான இரும்பு உள்ளகமா, எலெக்ட்ரானை விழுங்கி நொறுங்கிய ஆக்சிஜன்-நியான்-மக்னீசிய உள்ளகமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நிக்கலுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தை ஜேம்ஸ் வெப் அளந்து 2024இல் வெளியான முடிவும் இரண்டு பக்கமும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பெரிய ஆட்களே முடிவுகட்டாத வழக்கை ப்ராஜெக்டாக எடுப்பது உங்கள் தைரியம்.

எஸ்.என். 1987ஏ

மற்ற மூன்றுக்கும் இல்லாத ஒன்று இதற்கு உண்டு. வெடிப்பதற்கு முன்பே விண்மீனின் படம் நம்மிடம் இருந்தது. பெரு மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால், சாண்டுலீக் −69 202 என்ற பட்டியல் எண் கொண்ட நீலப் பேரொளி விண்மீன். பிறப்பில் 20 சூரிய நிறையை ஒட்டி. 1987 பிப்ரவரி 23இல் ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐ.எம்.பி., சோவியத்தின் பக்ஸான் ஆகிய மூன்று உணர்கருவிகளிலும் சேர்த்துச் சுமார் 25 நியூட்ரினோக்கள் வந்து விழுந்தன. உள்ளகம் நொறுங்கியதற்கு அது நேரடி அத்தாட்சி. பெருவிண்மீன் என்றால் சிவப்பாக ஊதிப் போய்த்தான் வெடிக்கும் என்று நினைத்திருந்தவர்களை இந்த நீல விண்மீன் விழிக்கவைத்தது. இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்து உண்டானது என்பது இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

இதன் ஒற்றைப்படைச் சாட்சி நைட்ரஜன். வெடிப்பதற்குச் சுமார் 20,000 ஆண்டுக்கு முன் விண்மீன் உதறிய வாயு, வெடிப்பைச் சுற்றி வளையமாக நிற்கிறது. வெடிப்பின் ஒளி பட்டு வளையம் மின்னியபோது எடுத்த புறஊதா நிறமாலையில் கார்பனைவிட நைட்ரஜன் பல மடங்கு தூக்கலாக இருந்தது. சூரியனில் இது தலைகீழ். அங்கே கார்பன்தான் நைட்ரஜனைப் போல மூன்று நான்கு மடங்கு. விண்மீனின் வயிற்றில் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியில் பதப்பட்ட பொருள் மேலே வந்து வெளியே போயிருக்கிறது. வெடிப்பின் கைபடாத, விண்மீனே கைப்பட எழுதிய வாக்குமூலம் அது.

பிறந்த இடத்தின் கலவையும் தெரியும். பெரு மெகல்லன் மேகத்தில் கன தனிமங்கள் சூரியனைப் போலப் பாதி அளவுதான். கேள்விக்கு இவ்வளவு பொருத்தமான எச்சம் வேறு இல்லை. பிறகு ஏன் இதையே எடுக்கச் சொல்லவில்லை? அளவுதான் காரணம். வளையத்தின் அகலம் 1.6 வில்விநாடி. சந்திராவின் ஒரு பிக்சல் அரை விநாடி. மூன்று பிக்சலில் முழு எச்சமும் முடிந்துவிடும்! வளையத்தில் மோதும் அலையையும் உள்ளே விரியும் சிதறலையும் எக்ஸ் கதிரில் ஒரு மாணவர் பிரித்தெடுக்க முடியாது. ஹப்பிள், ஜேம்ஸ் வெப் நிறமாலைகளைக் கையாளத் தெரிந்த வழிகாட்டி பக்கத்தில் இருந்தால் தாராளமாக எடுங்கள். எக்ஸ் கதிர்க் காப்பகம் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

டைக்கோ

இதில் வெடித்தது பெருவிண்மீனே இல்லை. ஏற்கெனவே வாழ்ந்து முடித்துச் சுருங்கிப்போன வெண்குள்ளன். அதில் போய்ப் பிறப்பைத் தேடுவதா என்று நானும் முதலில் ஒதுக்கியதுண்டு.

1572 நவம்பரில் டைக்கோ பிராகே அண்ணாந்து பார்த்து அதிசயித்த “புதிய விண்மீன்” இது. இதன் எதிரொளியையும் 2008இல் பிடித்தார்கள்; 436 ஆண்டு தாமதமாக வந்த வெளிச்சம், 1ஏ வகை என்று சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுத்தது. கார்பனும் ஆக்சிஜனும் ஆன வெண்குள்ளன் முழுவதுமாக எரிந்து சிதறுவது அந்த வகை. உடையாமல் தாங்கக்கூடிய உச்ச நிறை 1.4 சூரியன் என்று சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து தொடங்கியது அது. அவர் பெயர் தாங்கிய சந்திரா, அவர் சொன்ன எல்லையோடு பிணைந்த வெடிப்பின் எச்சத்தைப் படம் பிடித்திருக்கிறது.

வெண்குள்ளனில் பிறந்தநாள் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. ஆனாலும் பூர்வீகக் கணக்கு ஒன்று அழியாமல் தங்கியிருக்கிறது. அது எப்படி என்று பாருங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

விண்மீன் பிறக்கும்போது அதில் கொஞ்சம் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் இருக்கும். எவ்வளவு என்பது பிறந்த மேகத்தைப் பொறுத்தது. ஹைட்ரஜன் எரியும்போது இந்த மூன்றும் வினையூக்கியாகச் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் மிக மந்தமான படி நைட்ரஜன்-14 ஒரு புரோட்டானை ஏற்பது. சுங்கச்சாவடியில் வண்டி தேங்குவது போல எல்லாம் அங்கே வந்து நைட்ரஜன்-14 ஆகத் தேங்கிவிடும். அடுத்து ஹீலியம் எரியத் தொடங்கியதும் அந்த நைட்ரஜன் ஒரு ஹீலியத்தை ஏற்று ஃபுளோரின்-18 ஆகி, சிதைந்து ஆக்சிஜன்-18 ஆகி, இன்னொரு ஹீலியத்தை ஏற்று நியான்-22 ஆகும். நியான்-22இல் புரோட்டான் 10, நியூட்ரான் 12. இரண்டு நியூட்ரான் உபரி. பிறக்கும்போது எவ்வளவு கன தனிமம் இருந்ததோ அதற்கு ஏற்ற அளவு நியான்-22, ஆகவே அதற்கு ஏற்ற அளவு உபரி நியூட்ரான், வெண்குள்ளனுக்குள் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. அதன் பின் கோடிக்கணக்கான ஆண்டு அது சும்மா குளிர்ந்து கிடந்தாலும் அந்த வரவு மாறாது.

வெடிக்கும்போது சிலிக்கான் அரைகுறையாக எரியும் அடுக்கில் குரோமியமும் மாங்கனீசும் உண்டாகின்றன. குரோமியம் 24, இரட்டைப்படை. உபரி நியூட்ரான் எவ்வளவு இருந்தாலும் அதன் அளவு பெரிதாக மாறாது. மாங்கனீசு 25, உபரி கூடினால் இதுவும் கூடும். இரண்டும் ஒரே அடுக்கில் பிறந்தவை என்பதால் தொலைவு, அடர்த்தி, எதிர் அதிர்வலை (வெளிவாயுவில் மோதியதால் உள்நோக்கித் திரும்பிச் சிதறலைச் சூடாக்கும் அலை) எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்ற தலைவலிகள் விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சூரியனை ஒத்த கலவையில் பிறந்த விண்மீன் என்றால் மாங்கனீசு, குரோமியத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஜப்பானின் சுசாக்கு செயற்கைக்கோள் தரவை வைத்து 2008இல் போட்ட கணக்கில் டைக்கோவுக்கு வந்தது கிட்டத்தட்ட முக்கால் பங்கு. சூரியனைவிடக் கன தனிமம் கூடுதலாக இருந்த மேகத்தில் பிறந்த விண்மீன். பிழை எல்லை பெரிது, கீழெல்லை சூரிய அளவையே தொட்டுவிடும். அதையும் சொல்லிவிட வேண்டும். 1604இல் வெடித்த கெப்ளர் எச்சத்துக்கு இதே முறையில் சூரியனைப் போல மூன்று மடங்கு என்று வந்திருக்கிறது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. வெண்குள்ளனின் நடு உள்ளகம் மிக அடர்த்தியாக இருந்தால், வெடிப்பின்போதே எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அமுக்கப்பட்டுப் புதிதாக நியூட்ரான் உண்டாகும். அப்போது வரும் மாங்கனீசுக்கும் பூர்வீகத்துக்கும் சம்பந்தமில்லை. 3சி 397 என்ற எச்சத்தில் மாங்கனீசும் நிக்கலும் ஏகத்துக்கு இருப்பதற்கு 2015இல் சொன்ன காரணம் அதுதான். டைக்கோவில் எதிர் அதிர்வலை இன்னும் மைய உள்ளகத்தை முழுதாகச் சூடாக்கவில்லை என்பதால் இந்தக் கலப்படம் குறைவு. வெடிப்பதற்கு முன் வெண்குள்ளன் ஆயிரம் ஆண்டு போலக் கொதித்துக்கொண்டிருந்தால் அப்போதும் சிறிது நியூட்ரான் சேரும். ஒரு ப்ராஜெக்டின் கடைசி அத்தியாயத்துக்கு இந்த விவாதமே போதும்.

எதை எடுப்பது

பூர்வீகம்தான் கேள்வி என்றால் டைக்கோ. சந்திராவை விட்டுவிட்டு சுசாக்கு தரவை எடுங்கள். படம் மங்கலாக இருக்கும், ஆனால் 5 முதல் 7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பகுதியில் அதன் பின்புல இரைச்சல் குறைவு. குரோமியம் 5.5ஐ ஒட்டி, மாங்கனீசு 6க்குச் சற்று முன், இரும்பு 6.4ஐ ஒட்டி. எச்சத்தின் அகலம் 8 வில்நிமிடம் (பாகையில் 60இல் ஒரு பங்கு), கருவியின் பார்வை 18, அடங்கிவிடும். ஓர் எச்சம், மூன்று வரி, ஒரு விகிதம். ஆறு மாதத்தில் முடியும்.

விண்மீன் உயிரோடு சமைத்தது எவ்வளவு என்பது கேள்வியானால், காசியோப்பியா ஏ-யைவிட ஜி292.0+1.8 என்ற எச்சத்தை எடுப்பேன். சுமார் 3,000 ஆண்டு வயது, நடுவில் பல்சார் உண்டு. குறுக்கே வாயு குறைவு என்பதால் ஆக்சிஜன், நியான், மக்னீசியம் மூன்றும் பளிச்சென்று தெரியும், இரும்பு சொற்பம். சந்திராவின் ஆரம்ப ஆண்டுத் தரவாகப் பார்த்து எடுங்கள். போகப் போக அதன் கருவியின் மேல் படிந்த அழுக்குப் படலம், ஆக்சிஜன் வரி விழும் தாழ் ஆற்றல் பகுதியைத்தான் முதலில் மறைக்கிறது. கிரிஸமும் இங்கே உதவாது. அதன் ரிசால்வ் கருவியின் மூடி திறக்காமல் போனதால் 1.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வெடிப்பின் வடிவம்தான் கேள்வி என்றால் மட்டும் காசியோப்பியா ஏ.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். எக்ஸ்ஸ்பெக், சியாவோ இரண்டும் இலவசம். அயனியாதல் இன்னும் சமநிலைக்கு வராத பிளாஸ்மாவுக்கான மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். இளைய எச்சங்களில் சமநிலை மாதிரியைப் பொருத்தினால் இரும்பின் அளவு தாறுமாறாக வரும். ஹைட்ரஜனே இல்லாத வாயுவில் “ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட அளவு” என்று அட்டவணை போடாதீர்கள், சிலிக்கானோடு ஒப்பிடுங்கள்.

மாணவி எஞ்சிய மூன்று மாதத்தில் டைக்கோவுக்கு மாறினார். பத்தே நாளில் போன் வந்தது. “சார், மாங்கனீசு சூப்பரா வந்திருக்கு, இரும்பு உயரத்துல பாதி!” போய்ப் பார்த்தேன். கதிரைப் பதியும் கேமராச் சில்லின் பரப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நிறமாலை எடுத்திருந்தார். சுசாக்குவின் சில்லுகளில் இரண்டு மூலைகளில் அளவு சரிபார்க்கும் கதிரியக்க மூலம் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருக்கும். அது இரும்பு-55; சிதைந்து மாங்கனீசு-55 ஆகி, 5.9இல் மாங்கனீசின் கதிரையே உமிழ்வது. டைக்கோவின் மாங்கனீசும் இதே வழியில் வந்ததுதான், வெடிப்பில் உண்டான கோபால்ட்-55 இரும்பு-55 ஆகி, அது மாங்கனீசு ஆகி. ஒரே அணு, ஒரே சிதைவு. ஒன்று 1572இன் வெளிச்சத்தோடு வந்தது, மற்றது கருவிக்குள் வைத்து அனுப்பப்பட்டது. மூலைகளை வெட்டிவிட்டு, எச்சத்தைச் சுற்றி ஆறு வில்நிமிட ஆர வட்டம் போட்டு மறுபடி ஓட்டினார். பெரிய முனை காணாமல் போய், இரும்பின் இடத்தோளில் பிழைக்கோடுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு புடைப்பு மட்டும் நின்றது. அதைத்தான் அவர் ஆய்வேட்டில் அளந்து எழுதினார்.